சூரியனுக்கும் தவணை உண்டு!

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் வட்டாரத்தில் 1905-ல் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. காவிரி அருவியாக விழும் சிவனசமுத்திரத்தில் 1902-ல் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையம், முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும், மூன்று ஆண்டு கழித்து இந்த நகரத்துக்கும் மின்சாரம் அனுப்பியது. ஆசியாவிலேயே மின் தெருவிளக்கைக் கண்ட முதல் சில ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று என்று பெங்களூருக்காரர்கள் இன்றைக்கும் மார்தட்டுவார்கள்.

தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. இந்தியக் கிராமங்களில் மின்விளக்கு எரியும் வீடுகள் நூற்றுக்கு 44 கூட இல்லை என்றது. மற்ற வீடுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான். புகையடைந்த சிம்னியை முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த தலைமுறை நம்மிலும் உண்டு. அந்த விளக்கின் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இருட்டில் வியாபாரம் செய்யலாம் என்று நினைத்து 1995-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம்தான் செல்கோ. ஐ.ஐ.டி. கரக்பூரில் ஆற்றல் பொறியியல் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய ஹரிஷ் ஹண்டே, நெவில் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து இதை ஆரம்பித்தார். மாணவராக இருந்தபோது டொமினிக்கன் குடியரசுக்குப் போனவர், அங்கே ஏழைக் குடும்பங்கள் சொந்தக் காசு கொடுத்துச் சூரிய விளக்கு வாங்குவதைப் பார்த்திருக்கிறார். ஆய்வுக்காக இலங்கைக் கிராமங்களிலும் தங்கியிருக்கிறார். ஏழைகளால் புதிய தொழில்நுட்பத்தை வாங்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது, அவர்களை நம்பி நிறுவனம் நடத்தினால் லாபம் வராது என்று மூன்று நம்பிக்கைகள் அன்று ஊறிப்போயிருந்தன. மூன்றுமே பொய் என்று காட்டுவதுதான் செல்கோ எடுத்துக்கொண்ட வேலை.

‘நீடித்த நிலையான வளர்ச்சி’ என்ற சொற்றொடரைக் கேட்டாலே நமக்குக் கருத்தரங்க மேடையும் பூங்கொத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐ.நா. 2015-ல் 17 இலக்குகளை வகுத்து, 2030-க்குள் எட்ட வேண்டும் என்றது. தொழில்முனைவும் புதுமையும்தான் அதற்கு வழி என்று எல்லோரும் பேசுகிறார்கள். சரி, அந்தப் புதுமை எங்கே இருக்கிறது? பெங்களூரை உற்றுப் பார்த்தால் கிடைக்கும் பதில் கொஞ்சம் வியப்பானது. இங்கே நிலைத்து நின்று நல்லது செய்தவர்களில் பலர் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பொருளுக்கு யார் காசு கொடுப்பது, எப்போது கொடுப்பது, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பது என்பதைத்தான் கண்டுபிடித்தார்கள்.

தண்டல்காரருக்குத் தெரிந்த கணக்கு

செல்கோ சூரியத் தகடு தயாரிக்கவில்லை. பெங்களூரிலேயே டாடா பி.பி. சோலார் தயாரித்துக்கொண்டிருந்தது. பேட்டரியும் கடையில் கிடைத்தது. நாலு விளக்குள்ள ஒரு அமைப்பின் விலைதான் பிரச்சினை. பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் என்றால் கூலிக் குடும்பம் எங்கே போகும்?

ஹண்டே பல மேடைகளில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. தெருவோர வியாபாரி ஒருவரிடம் மாதம் 300 ரூபாய் தவணை என்றபோது, அது கட்டுப்படியாகாது என்றாராம். தினம் 10 ரூபாய் என்றால் கட்டிவிடுவேன் என்றாராம். தொகை ஒன்றுதான். ஆனால் விடியற்காலையில் சரக்கெடுத்து ராத்திரி கல்லாவை எண்ணுகிறவர் கையில் மாதக் கடைசியில் 300 ரூபாய் மொத்தமாகத் தங்காது. நம் ஊர்த் தண்டல்காரர்களுக்கு இது மனப்பாடமான கணக்கு. சாயங்காலம் வண்டியில் வந்து, கடை கடையாக நின்று, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். வட்டி அநியாயம்தான். ஆனால் வசூலை வியாபாரியின் பிழைப்போடு பொருத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். தேசிய வங்கிகளுக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

செல்கோ வங்கிப் படியேறியது. சிண்டிகேட் வங்கி, மலப்பிரபா கிராம வங்கி போன்றவற்றின் கிளை மேலாளர்களிடம் பேசியது. விளக்கு வருமானம் தரும் சொத்தா என்பதுதான் அவர்களின் முதல் சந்தேகம். மாடு வாங்கக் கடன் கொடுக்கலாம், மாடு பால் தரும். விளக்கு என்ன தரும்? தட்சிண கன்னடத்துப் பீடி சுற்றும் பெண்களிடம் அதற்குப் பதில் இருந்தது. இருட்டிய பிறகு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றினால் கூலி கூடும். கூடை பின்னுகிறவருக்கும், விடியும் முன்னே பால் கறக்கிறவருக்கும் இதே கணக்குதான்.

அப்புறம் தவணையைக் கையில் காசு வரும் நாளுக்கு ஏற்ப வெட்டினார்கள். பாக்கு விவசாயிக்கு அறுவடை முடிந்த பிறகு, பால்காரருக்குச் சொசைட்டியில் பட்டுவாடா ஆகும் நாளில், தள்ளுவண்டிக்காரருக்குத் தினசரி. தள்ளுவண்டிக்காரர் விளக்கைச் சொந்தமாக வாங்கவேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் பகலில் பேட்டரிகளை மொத்தமாகச் சார்ஜ் செய்து, சாயங்காலம் வண்டி வண்டியாக வாடகைக்குக் கொடுத்து, இரவு திரும்ப வாங்கிக்கொள்வார். அவருக்கு அது ஒரு தொழில். காய்கறி விற்பவருக்குப் பெட்ரோமாக்ஸ் செலவு மிச்சம்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அது செத்துப்போகும். தகட்டின் மேல் தூசி படிந்தால் விளக்கு மங்கும். மங்கிய விளக்குக்கு யாரும் தவணை கட்டமாட்டார்கள். தவணை நின்றால் வங்கி அடுத்த வீட்டுக்குக் கடன் தராது. ஆகவே தாலுகா அளவில் சேவை மையம் போட்டு, கூப்பிட்டால் வந்து நிற்கும் உள்ளூர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். வங்கி நம்பியது சூரியனை அல்ல, அந்தப் பையன்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசும் பன்னாட்டு அமைப்புகளும் கை கொடுக்காமல் இது நடக்கவில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2003-ல் கனரா, சிண்டிகேட் வங்கிகளோடு கைகோத்து வட்டியைக் குறைத்துக் கொடுத்தது. கர்நாடகத்தை மையமாக வைத்து நடந்த அந்தத் திட்டத்தில் 18,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கடன் வாங்கின. சலுகையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகும் வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தவில்லை. மானியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை. பொருளின் விலையில் தள்ளுபடி அறிவித்தால், ஜனங்கள் தள்ளுபடி வரும்வரை காத்திருப்பார்கள், வியாபாரம் படுத்துவிடும். வட்டியில் கொடுத்தால் வங்கிக்குப் பழக்கம் வருகிறது.

சறுக்கலும் இருந்தது. 2004-ல் ஜெர்மனி தன் சூரிய மின்சாரச் சட்டத்தைத் தாராளமாக்கியது. அங்கே கூரைக்குக் கூரை தகடு ஏறியதில் உலகச் சந்தையில் சிலிக்கானுக்கே தட்டுப்பாடு வந்து, தகட்டு விலை எகிறியது. உடுப்பிப் பக்கம் ஒரு குடிசைக்கு விளக்கு போடும் செலவை பெர்லினில் போட்ட சட்டம் உயர்த்தியது. நிறுவனம் நட்டத்தில் விழுந்தது. வேகமாக வளர வேண்டும் என்ற நெருக்கடி தராத, பொறுமையுள்ள முதலீட்டாளர்கள் கிடைத்ததால் தப்பியது.

2011-ல் ஹண்டேவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தபோது செல்கோ சென்றடைந்திருந்தவை சுமார் 1,20,000 வீடுகளும் சிறு தொழிலிடங்களும். பதினாறு ஆண்டு உழைப்பு. பெங்களூரின் புத்தொழில் பேட்டையான கோரமங்கலாவின் முதலீட்டாளர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் ஒரு செயலிக்கு இது சில நாள் கணக்கு. வங்கதேசத்தில் அரசு நிதி நிறுவனமான இட்கால் 2003-ல் இறங்கி, கிராமின் சக்தி போன்ற அமைப்புகள் வழியாக 40 லட்சத்துக்கு மேல் வீட்டுச் சூரிய விளக்குகளைக் கொண்டுசேர்த்தது. கென்யாவின் எம்-கோபா அதே தினத் தவணையைக் கைபேசிப் பணத்தில் வாங்கியது. யோசனை ஒன்றுதான். எட்டிய தூரம் வேறு. பின்னால் நின்ற பணத்தின் அளவு அப்படி.

பிறகு மின்கம்பி வந்தது. 2017-ல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்தார்கள். விளக்கை மட்டும் நம்பியிருந்தால் செல்கோ அன்றே கதவைச் சாத்தியிருக்கும். தையல் இயந்திரம், கொல்லர் துருத்திக்குப் பதிலாக ஊதும் மின்விசிறி, பால் கறக்கும் இயந்திரம் என்று பிழைப்புக்கான கருவிகளின் பக்கம் அது ஏற்கெனவே திரும்பியிருந்தது. 2010-ல் தொடங்கிய செல்கோ அறக்கட்டளை இப்போது மத்திய சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து 25,000 சுகாதார நிலையங்களைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றும் இலக்கோடு வேலை செய்கிறது. பிரசவ நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் எவரிடமும் கேளுங்கள்.

குப்பையில் ஒரு கையெழுத்து

2012-ல் பெங்களூரு நாறியது. உவமையாகச் சொல்லவில்லை, தெருமுனைகளில் குப்பை மலையாகக் கிடந்தது. மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட, மண்டூர் கிராமத்தார் எங்கள் ஊரில் கொட்டாதே என்று மறியலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் நிலத்தடி நீர் கெட்டு, ஈ மொய்த்து, வாழ முடியாத நிலை. 2014 இறுதியில் மண்டூரும் மூடப்பட்டது. இனிமேல் ஊருக்கு வெளியே தூக்கி எறிய இடமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் நகரத்துக்குப் புத்தி வந்தது.

அதற்கு முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. புனேயில் குப்பை பொறுக்குவோர் சங்கத்தில் வேலை செய்து அனுபவம் பெற்ற நளினி சேகரும் மற்றவர்களும் சேர்ந்து ஹசிரு தளா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். லோக் அதாலத் தலையிட்டதன் பேரில், 2011 முதல் பெங்களூரு மாநகராட்சி, குப்பை பொறுக்குவோருக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. மாநகராட்சி ஆணையரின் கையெழுத்து உள்ள அட்டை. காலை நாலு மணிக்குச் சாக்கோடு தெருவில் நடந்தால் திருடன் என்று பிடித்து அடிபட்டவர்களுக்கு அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும். இவர்களில் தமிழ்ப் பேச்சு வீட்டில் கேட்கும் குடும்பங்கள் கணிசம்.

வார்டுதோறும் உலர் கழிவு மையங்கள் வந்தன. அவற்றில் பலவற்றை முன்பு தெருவில் பொறுக்கியவர்களே நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மையத்துக்குள் போனால் தெரியும், இது எவ்வளவு நுட்பமான தொழில் என்று. பெட் பாட்டில் தனி, அதன் மூடி தனி. பால் கவர் கழுவிக் காயவைத்தால் ஒரு விலை, பிசுபிசுப்போடு வந்தால் வேறு விலை. வெள்ளைத் தாள், அட்டைப்பெட்டி, செய்தித்தாள் தனித்தனிக் கட்டு. ஒரு பிளாஸ்டிக் துண்டை விரலால் மடக்கி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறார்கள். மூலையில் குவிந்து கிடப்பது சிப்ஸ் பாக்கெட். உள்ளே வெள்ளி நிறமும் வெளியே வண்ணமுமாகப் பல அடுக்கு ஒட்டியது. காயலான் கடைக்காரர் அதைத் தொடமாட்டார்.

கர்நாடக உயர் நீதிமன்றம் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015 டிசம்பரில் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையை வகுத்துக் கொடுத்தது. பெரிய அடுக்ககங்கள் தங்கள் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி விதி போட்டது. அந்த விதிதான் சந்தையைத் திறந்தது. அடுக்ககத்துக்குச் சேவை தேவை, சேவை தர ஆள் இருக்கிறது. ஹசிரு தளா 2015-ல் ஒரு தனி நிறுவனத்தையே தொடங்கி, குப்பை பொறுக்கியவர்களைச் சிறு ஒப்பந்ததாரர்களாக்கியது. வில்மா ரோட்ரிக்ஸ் 2001-ல் தொடங்கிய சாஹஸ் அமைப்பும் இதே பாதையில் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. ஜெயநகரில் மையம் நடத்திய ஒருவர் 2015-ல் பாரிஸ் காலநிலை மாநாட்டுக்கே போய்வந்தார்.

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. பெங்களூரில் பிளாஸ்டிக் பை தயாரித்துவந்த அகமது கான், ரசூல் கான் சகோதரர்கள், தடை வரும் என்ற பயத்தில் பிளாஸ்டிக்கைத் தாரில் கலந்து சாலை போடும் தொழிலுக்கு மாறினார்கள். அதே காலத்தில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் அதே வேலையை ஆய்வுக்கூடத்தில் செய்து, 2006-ல் காப்புரிமையும், 2018-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். பெருமை எந்த ஊருக்கு என்று சண்டை போட வேண்டாம். ஒருவருக்கு வியாபாரம் போய்விடுமோ என்ற பயம், இன்னொருவருக்கு வேதியியல் ஆர்வம். இரண்டும் ஒரே சாலையில் வந்து சேர்ந்தன.

உறை இறக்கும் கைகள்

காவிரிக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊருக்குத் தண்ணீரைச் சுமார் 500 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் மின்சாரச் செலவு குடிநீர் வாரியத்தின் முதுகை ஒடிக்கிறது. 2024 மார்ச்சில், அரசின் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று முதல்வர் சித்தராமையாவே சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள்.

இதே ஊரில் ஆண்டுக்குச் சராசரியாகத் தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. அறுபதுக்கு நாற்பது அடி மனை ஒன்றின் மேல் மட்டும் ஆண்டில் இரண்டு லட்சம் லிட்டர் விழுகிறது. பயோம் என்ற நிறுவனத்தை நடத்தும் எஸ்.விஸ்வநாத் முப்பது ஆண்டாக இந்தக் கணக்கைத்தான் சலிக்காமல் சொல்லிவருகிறார். 2009-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. தமிழ்நாடு அதை 2003-லேயே செய்துவிட்டது என்பதை இங்கே நாம் கொஞ்சம் பெருமையாகவும், நம் வீட்டுக் குழாய்கள் இப்போது எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெட்கமாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

விதி வந்தால் வேலை யார் செய்வது? பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் பெங்களூரைச் சுற்றி இருக்கிறார்கள். ஆழ்துளை இயந்திரம் வந்ததும் பிழைப்பை இழந்தவர்கள். ‘பத்து லட்சம் கிணறுகள்’ என்ற இயக்கத்தை 2015-ல் பயோம் தொடங்கியபோது அவர்களைத்தான் தேடிப்போனது. மூன்றடி அகலம், இருபது முப்பது அடி ஆழம். ஒருவர் உள்ளே குனிந்து கடப்பாரையால் குத்துவார். மேலே இருப்பவர் கப்பியில் மண்ணை இழுப்பார். பிறகு சிமென்ட் உறைகளை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். உறைகளின் இடுக்கைப் பூசமாட்டார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் போக வேண்டும். அடியில் ஜல்லி. கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளைத் தூர்வாரித் தண்ணீர் காணவைத்ததும் இந்தக் கைகள்தான். எந்தத் தொழில்நுட்பப் பூங்காவிலும் பிறக்காத இந்தத் தொழில்நுட்பத்துக்கு இன்று வாடிக்கையாளர்கள் ஐ.டி. நிறுவனங்கள்.

கழிவுநீரிலும் வியாபாரம் நடக்கிறது. அடுக்ககங்கள் சுத்திகரித்துவிட்டுச் சாக்கடையில் விடும் தண்ணீரை வாங்கி, இன்னொரு முறை வடிகட்டித் தொழிற்சாலைக்கும் சலவையகத்துக்கும் விற்கிறது போசான் வைட்வாட்டர் என்ற நிறுவனம். அரசே 2018 முதல் நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. ஏரி நிறைந்தது, நிலத்தடி நீர் ஏறியது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் அனுப்பலாமா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது, அது நியாயமான கேள்வி.

மின்சார வண்டிகளைப் பற்றிச் சொல்லாமல் பெங்களூரு கதை முடியாது என்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சேத்தன் மைனியின் ரேவா கார் 2001-லேயே சாலைக்கு வந்தது. லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. ஆனால் பத்தாண்டில் விற்றவை சில ஆயிரம்தான். 2010-ல் மகிந்திரா வாங்கிக்கொண்டது. கார் இருந்தது, சார்ஜ் ஏற்றும் இடமும் சலுகையும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர், 2018-ல் ஸ்கூட்டரை விற்பனைக்கு விட்டபோது அதோடு சார்ஜ் நிலையங்களையும் சேர்த்தே அமைத்தது. அலுவலகம் பெங்களூரில், தொழிற்சாலை நம் ஓசூரில். ரேவா கற்ற பாடத்துக்கு ஏத்தர் கட்டணம் கட்டவில்லை, அவ்வளவுதான்.

தொழில்முனைவோர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்று நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. மேலே சொன்ன கதைகளில் எது அரசு ஆணையோ, நீதிமன்றத் தீர்ப்போ, பொதுத்துறை வங்கியின் கடனோ இல்லாமல் நடந்தது? செல்கோவுக்குக் கிராம வங்கி, ஹசிரு தளாவுக்கு மாநகராட்சி அட்டை, கிணறு வெட்டுபவருக்கு 2009 விதி. அரசு ஒரு கதவைத் திறந்தது. அதற்குள் நுழையத் தெரிந்தவர்கள் நுழைந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் அதை மூடவும் முடியும் என்பதுதான் கவலை.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி கலைக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. குப்பை பொறுக்குவோரின் அட்டையில் கையெழுத்துப் போட்ட நிர்வாகம் இன்று இல்லை. புதிய ஐந்து ஆணையர்களும் பழைய அட்டைகள் செல்லும் என்று எழுத்தில் தர வேண்டும், உலர் கழிவு மைய ஒப்பந்தங்களைப் பெரிய ஒப்பந்ததாரர்களுக்குத் தூக்கிக் கொடுக்காமல் நடத்திவருபவர்களிடமே விட வேண்டும். சென்னை, கோவை, ஓசூர் மாநகராட்சிகள் தங்கள் ஊர்க் குப்பை பொறுக்குவோருக்கும் அதே போன்ற அட்டையை, ஆணையர் கையெழுத்தோடு, இந்த நிதியாண்டிலேயே வழங்கட்டும்.